என் லைசென்ஸின் கீழ் வேலை செய்யும் கைகள்

பக்கவாதத்தில் இடது பக்கம் விழுந்தவருக்குச் சட்டை போடும்போது இடது கை முதலில் நுழைய வேண்டும். கழற்றும்போது அதே கை கடைசியில் வர வேண்டும். ஆக்குபேஷனல் தெரபி படிக்கிற எவருக்கும் ஆரம்பத்திலேயே சொல்லிக்கொடுக்கிற விஷயம் இது. ஆனால் நான் வேலை பார்க்கும் நியூயார்க் நர்சிங் ஹோமில், நோயாளியின் கட்டிலோரம் உட்கார்ந்து இதை நாள்தோறும் பொறுமையாகப் பழக்குபவர் பெரும்பாலும் நான் அல்ல, கோட்டா. சான்றிதழும் லைசென்ஸும் பெற்ற ஆக்குபேஷனல் தெரபி உதவியாளரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம். தெரபிஸ்ட் ஓ.டி.ஆர். நோயாளியை முதல் நாள் பார்த்து இவால்யுவேஷன் எழுதுவது ஓ.டி.ஆரின் வேலை. சட்டை போடப் பழக்கலாமா, பட்டன் வைத்ததா தலைவழியாகப் போடுவதா, கட்டில் ஓரத்தில் உட்கார வைத்தா சாய்ந்த நிலையிலா, எத்தனை வாரத்தில் எவ்வளவு உதவியோடு அவர் செய்ய வேண்டும் என்பதெல்லாம் அதில் முடிவாகும். அதன்படி பழக்கும் வேலையை இருவருமே செய்யலாம். தமிழ்நாட்டில் படித்துவிட்டு இங்கே வரத் துடிக்கும் தம்பி தங்கைகள் என்னிடம் தேர்வைப் பற்றித்தான் கேட்கிறார்கள். தேர்வு முடிந்தபின் இன்னொருவருடைய வேலைக்கும் பொறுப்பேற்க வேண்டுமே, அதை எப்படிச் செய்வது என்று யாரும் கேட்பதில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தேர்வைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். என்.பி.சி.ஓ.டி. என்ற தேசிய அமைப்பு நடத்துவது. 300 முதல் 600 வரையுள்ள அளவுகோலில் 450 எடுத்தால் தேர்ச்சி. வெளிநாட்டில் படித்தவர்களுடைய படிப்பு இங்குள்ள முதுகலைக்கு ஈடானதா என்று முதலில் சரிபார்ப்பார்கள். உதவியாளர்களுக்கும் தனித் தேர்வு உண்டு. தெரபிஸ்ட் படிப்பில் இரண்டாம் நிலைக் களப்பயிற்சி 24 வாரம், உதவியாளர் படிப்பில் 16 வாரம். தேர்வு நாடு முழுமைக்கும் பொது. லைசென்ஸ் தருவது மட்டும் மாநிலம். இத்தொழிலுக்கு லைசென்ஸ் சட்டம் கொண்டுவந்த முதல் மாநிலங்களில் நியூயார்க்கும் ஃபுளோரிடாவும் உண்டு, 1975இல். ஹட்சன் ஆற்றைக் கடந்து நியூ ஜெர்சியில் ஒரு நோயாளியைத் தொட வேண்டுமென்றால் அந்த மாநிலத்தின் அனுமதி தனியாக வேண்டும். மேற்பார்வை விதிகளும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். சேர்ந்த முதல் வாரமே உங்கள் மாநில விதியை அச்செடுத்து முழுக்கப் படித்துவிடுங்கள். பக்கத்து மேசைக்காரர் சொல்வதை வைத்து ஓட்டாதீர்கள்.

நான் படித்தது வேலூரில். 1954இல் சாலை விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டுச் சக்கர நாற்காலிக்கு வந்த டாக்டர் மேரி வர்கீஸ், இதே நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவர் ஹோவர்ட் ரஸ்கிடம் பயின்று திரும்பி வழிநடத்திய மறுவாழ்வுத் துறை அது. அந்தத் துறைக்கென 1966இல் திறந்த மறுவாழ்வு மையத்தில்தான் என் கை பழகியது. அங்கே உதவியாளர் என்று படித்து வந்த ஒரு நிலை எங்களுக்குக் கிடையாது. நோயாளியோடு வந்து தங்கும் அம்மாவும் மனைவியும் அண்ணனும்தான் எங்களுக்கு இன்னொரு ஜோடிக் கை. நாங்களே பார்ப்போம், நாங்களே எழுதுவோம், நாங்களே பழக்குவோம், வீட்டாருக்குச் சொல்லிக்கொடுத்து அனுப்புவோம். எங்கள் ஆசிரியை வலுவிழந்த கையைத் தூக்கும் விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. ஒரு உள்ளங்கை முழங்கைக்குக் கீழே, மற்றொன்று மணிக்கட்டுக்குக் கீழே. விரல்கள் எங்கும் இறுக்காது. தோள்மூட்டு இறங்கிப்போன நோயாளியின் கையைப் பிடித்து இழுக்கும் மாணவரைக் கண்டால் அதட்ட மாட்டார். அந்த மாணவரின் கையையே அப்படித் தாங்கிக் காட்டுவார். தாங்கப்படுவது எப்படி இருக்கும் என்று தன் தோளிலேயே தெரிந்துகொண்டவர் மறுபடி இழுக்க மாட்டார்.

எல்லாவற்றையும் தானே செய்து பழகிய நம்மவர்கள் இங்கே வந்ததும் இரண்டு விதமாக இடறுவதைப் பார்த்திருக்கிறேன். சிலர் கோட்டாவை நம் ஊர் வார்டு அட்டெண்டர் மாதிரி நினைத்துவிடுகிறார்கள். ‘அவரைக் கூட்டி வா, இதை எடுத்து வை’ என்ற அளவில் நின்றுவிடுகிறது. அதற்கு இங்கே எய்டு என்று வேறொருவர் இருக்கிறார். அவருக்கு லைசென்ஸ் கிடையாது. நோயாளியை அழைத்து வரலாம், மேசையைத் துடைக்கலாம், பொருள்களை எடுத்து வைக்கலாம், சிகிச்சை தரக் கூடாது. கோட்டா அப்படியல்ல. உடற்கூறு படித்தவர், களப்பயிற்சி முடித்தவர், தன் பெயரில் லைசென்ஸ் வைத்திருப்பவர். வேறு சிலர் இதற்கு நேர்மாறு. இவால்யுவேஷனை எழுதிக் கொடுத்துவிட்டு, அடுத்து டிஸ்சார்ஜ் அன்றுதான் நோயாளியின் முகத்தைப் பார்க்கிறார்கள். நடுவில் நடப்பதெல்லாம் கணினித் திரையில் கையெழுத்து மட்டும்.

இந்த இரண்டாவது பழக்கம் என்ன செய்யும் என்பதற்கு ஒரு நடந்த கதை. வேறொரு இடத்தில் பார்த்தது. இடுப்பு மூட்டு மாற்று அறுவை செய்துகொண்ட பெரியவர் ஒருவர். பின்பக்கமாகத் திறந்து செய்த அறுவை. இடுப்பை 90 டிகிரிக்கு மேல் மடக்கக் கூடாது, காலை உள்பக்கம் திருப்பக் கூடாது, கால்மேல் கால் போடக் கூடாது என்று தடைகள். கோட்டா அவருக்கு ரீச்சரால் பேண்ட்டை எடுக்கவும், சாக் எய்டால் காலுறை மாட்டவும் பழக்கிக்கொண்டிருந்தார். நடுவில் அறுவை மருத்துவர் தடைகளை நீக்கிவிட்டார். அந்தத் தகவல் கோப்பில் இருந்தது, தெரபி பிளானில் ஏறவில்லை. பிளானை மாற்றும் அதிகாரம் கோட்டாவுக்கு இல்லை. எழுதியிருந்ததை அவர் சரியாகவே செய்தார். மேற்பார்வை செய்த இளம் தெரபிஸ்ட் நோட்டுகளைத் திறந்து கையெழுத்திட்டுக்கொண்டே போனார். குனிந்து தன் காலைத் தானே தொடலாம் என்றிருந்த மனிதர், பிளாஸ்டிக் கருவியோடு மல்லாடிக்கொண்டிருந்தார். யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் அவர் வீடு திரும்ப வேண்டிய நாள் தள்ளிப்போனது. தன் செருப்பைத் தானே போட முடியாதவராகத் தன்னை அவர் நினைத்துக்கொண்டிருந்தார் என்பதுதான் என்னை உறுத்தியது.

நோட்டைப் படிப்பது தனியாகப் பழக வேண்டிய வேலை. மெடிகேர் என்ற அரசுக் காப்பீட்டின் பார்ட் பி பிரிவில் வரும் நோயாளிக்கு, சிகிச்சை நடந்த பத்து நாளுக்குள் ஒருமுறையாவது தெரபிஸ்ட் புராகிரஸ் ரிப்போர்ட் எழுத வேண்டும். உதவியாளர் அதற்கு வேண்டிய விவரங்களைத் தரலாம், அவர் எழுதுவது அதற்கு ஈடாகாது. பத்தாவது நாள் வரைக்கும் காத்திருங்கள் என்று அதற்கு அர்த்தம் இல்லை. ‘நோயாளி சிகிச்சையை நன்றாக ஏற்றுக்கொண்டார்’ என்ற வரியை என் கோட்டாக்கள் எழுத மாட்டார்கள். அந்த வரியில் ஒன்றும் இல்லை. எந்த இடத்தில் தடுமாறினார், எந்த வார்த்தை சொன்னதும் கை நகர்ந்தது, மின் அசிஸ்டா மாட் அசிஸ்டா, நேற்றுக்கும் இன்றைக்கும் என்ன வித்தியாசம், இவைதான் எனக்கு வேண்டும். மின் அசிஸ்ட் என்றால் வேலையில் கால் பங்குக்குள் நம் கை போகிறது. மாட் என்றால் பாதி வரை. ஒரே நோயாளிக்கு ஒருவர் மின் என்றும் இன்னொருவர் மாட் என்றும் எழுதினால், நோயாளி மாறினாரா பார்ப்பவர் மாறினாரா என்று தெரியாமல் போய்விடும்.

அதனால் கோட்டா ஒருவர் புதிதாகச் சேர்ந்ததும் முதல் வேலை, அவர் கையும் என் கையும் ஒன்றாக அளக்கிறதா என்று பார்ப்பது. சர்வீஸ் காம்பிடென்ஸி என்பார்கள். ஒரே செயலை இருவரும் செய்தால் ஒரே விடை வர வேண்டும், அவ்வளவுதான் விஷயம். முழங்கை எவ்வளவு மடங்குகிறது என்று கோனியோமீட்டரில் அவர் அளப்பார், எண்ணை என்னிடம் சொல்லாமல் எழுதி வைப்பார். பிறகு நான் அளப்பேன். ஐந்து டிகிரிக்குள் இருந்தால் சரி. இல்லையென்றால் எலும்பு முனையைத் தொட்டுப் பார்க்காமல் கண்ணால் அச்சைக் குறித்திருப்பார் ஒருவர். படுத்திருந்தவரை எழுப்பும்போது ரத்த அழுத்தம் பார்ப்பது இன்னொன்று. மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் நிற்க வைப்பதை நிறுத்திவிட்டு நர்சைக் கூப்பிட வேண்டும். ‘தலை சுற்றுதா?’ என்று கேட்டு, இல்லை என்றதும் எழுப்பிவிடுபவரோடு அன்று முழுக்க நான் கூடவே நிற்பேன். வயதானவர்கள் சிரமம் கொடுக்க வேண்டாமே என்று ‘இல்லை’ சொல்லிவிடுவார்கள்.

ஸ்பிளிண்ட் விஷயத்தில்தான் கையின் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். ஓய்வு நிலை ஸ்பிளிண்ட் ஒன்று செய்ய வேண்டும் என்று வையுங்கள். காகிதத்தில் கையை வைத்து வரைந்து, தெர்மோபிளாஸ்டிக் தகட்டை வெட்டி, 160 டிகிரி ஃபாரன்ஹீட் சுடுதண்ணீர்த் தட்டில் போட்டால் நமத்த அப்பளம் போலத் துவளும். எடுத்துத் துண்டில் ஒற்றி, முதலில் நம் முன்கையில் வைத்துச் சூடு பார்க்க வேண்டும். சூடு உணராத நோயாளி சுடுகிறது என்று சொல்ல மாட்டார். பிறகு மணிக்கட்டு 20, 30 டிகிரி மேலே தூக்கினாற்போல், முன்கையின் மூன்றில் இரண்டு பங்கு நீளம் வரை படிய வைக்க வேண்டும். இங்கேதான் புதியவர்கள் விரல் நுனியால் அமுக்குவார்கள். ஒவ்வொரு விரல் நுனியும் உள்ளே ஒரு சிறு மேட்டை உண்டாக்கும், அந்த மேடு நாளை தோலில் புண்ணாகும். உள்ளங்கையால் தடவ வேண்டும். பொருள் தன் எடையிலேயே விழட்டும் என்று கையைத் திருப்பி வைத்துக்கொண்டால் பாதி வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும். போட்டு இருபது நிமிடம் கழித்துக் கழற்றிப் பார்க்க வேண்டும். சிவந்த தடம் அதற்குப் பிறகும் இருபது நிமிடத்துக்கு மேல் மாறாமல் நின்றால் அந்த இடத்தைச் சூடாக்கிப் பிதுக்கிவிட வேண்டும்.

எங்களிடம் ஜமைக்காவிலிருந்து வந்த மூத்த கோட்டா ஒருவர் இருக்கிறார். இந்தத் துறையில் என்னைவிட அதிகம் உழைத்தவர். இங்கே எல்லோரும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். நானும் அப்படித்தான் கூப்பிடுகிறேன், மனசுக்குள் அவர் எனக்கு அக்காதான். அவர் செய்த ஸ்பிளிண்டின் ஓரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பார்க்கலாம். அப்படி மடித்துவிட்டிருப்பார். என் லைசென்ஸின் கீழ் அவர் வேலை செய்கிறார் என்பதால் அவர் கை என் கைக்குக் கீழே என்று ஆகாது. தெரபிஸ்ட் மாணவர்களையும் ஸ்பிளிண்ட் பழக அவரிடம்தான் உட்கார வைக்கிறேன். எந்தக் கைக்கு எந்த ஸ்பிளிண்ட், எத்தனை மணி நேரம், எப்போது நிறுத்துவது என்ற முடிவு மட்டும் என்னுடையது. அது தவறினால் பதில் சொல்ல வேண்டியவளும் நான்தான்.

ஒரு நாள் காலை அவர் என் மேசைக்கு வந்தார். ‘பதினெட்டாம் அறை அம்மா இன்னைக்கு டூத் பிரஷைக் கையில வெச்சுக்கிட்டு முழிக்கிறாங்க. நேத்து தானா தேய்ச்சாங்க’ என்றார். நோட்டில் எழுதுவதற்கு முன்பே வந்து சொன்னார். எழுந்து போய்ப் பார்த்தேன். பேச்சு தெளிவு, இரண்டு கையும் ஒரே மாதிரி இறுகின, முகம் கோணவில்லை. ஆனால் கிழமை தெரியவில்லை, பிரஷின் எந்தப் பக்கத்தைப் பிடிப்பது என்று தெரியவில்லை. நர்சிடம் சொன்னோம், மருத்துவர் பார்த்தார். சிறுநீர்த் தொற்று. முதியவர்களுக்குக் காய்ச்சல் வருமுன்னே புத்தி தடுமாறும். அன்று சிகிச்சையை நிறுத்தினோம். பிளானில் அந்த வாரத்துக்கான இலக்கை நான் இறக்கி எழுதினேன், மருந்து வேலை செய்ததும் மறுபடி ஏற்றினேன். ‘நேத்து தானா தேய்ச்சாங்க’ என்ற அந்த மூன்று சொல்லை வாங்கிக்கொள்ளும் இடத்தில் மேற்பார்வையாளர் இருக்க வேண்டும். திரையை விட்டு முகத்தை எடுக்காதவரிடம் யாரும் இப்படி வந்து சொல்ல மாட்டார்கள்.

திருத்துவதற்கும் ஒரு பக்குவம் வேண்டும். நோயாளியின் முன்னால் கோட்டாவைத் திருத்தக் கூடாது. நோயாளியைப் பிடித்துக்கொள்ள இடுப்பில் கட்டும் கேட் பெல்ட்டைத் தளர்வாகக் கட்டியிருக்கிறார் என்று கண்டால், ‘கொஞ்சம் நான் பிடிக்கட்டுமா’ என்று கேட்டு வாங்கி, இறுக்கிக் கட்டி, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும் டிரான்ஸ்ஃபரை நானே செய்துவிட்டு, வெளியே வந்தபின் பேசுவேன். விழப்போகிறார் என்றால் மட்டும் இந்த மரியாதை பார்க்கக் கூடாது. குரல் கொடுத்து நிறுத்திவிட வேண்டும். புதியவரோடு முதல் மாதங்களில் நான் அடிக்கடி இடம் மாறிக்கொள்வேன். நான் பழக்குவேன், அவர் நின்று பார்ப்பார். என்ன பார்த்தீர்கள் என்று கேட்பேன். பதில் நோயாளியின் கையோடு நின்றால் இன்னும் காலமாகும். இடுப்பு எப்படிச் சாய்ந்தது, பாதம் தரையில் படிந்ததா என்று சொல்லத் தொடங்கினால், அந்த நோயாளியை அவரிடம் விடலாம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. கோட்டா முடியாது என்று சொல்லும் இடங்கள். வார இறுதியில் புதிதாகச் சேரும் நோயாளிக்குத் தெரபிஸ்ட் இல்லாமல் போகும். ‘படிவத்தை மட்டும் நிரப்பிவை, திங்கட்கிழமை கையெழுத்துப் போட்டுக்கலாம்’ என்று ஒருவர் கேட்டதும், ஒரு கோட்டா மறுத்ததும் எனக்குத் தெரியும். மறுத்தது சரி. முதல் இவால்யுவேஷனுக்கு வேண்டிய சில அளவுகளை, தெரபிஸ்ட் சொன்னபின், பழகிய கோட்டா எடுத்துத் தரலாம். அவற்றின் பொருள் என்ன என்று முடிவு செய்து பிளான் எழுத அவரால் ஆகாது. மீறினால் போவது அவருடைய லைசென்ஸும்தான். அந்தக் கோட்டாமேல் கோபப்பட்டவர்கள் இருந்தார்கள். நான் அவரைத்தான் என் மாணவர்களுக்கு உதாரணமாகச் சொல்கிறேன்.

பணக்கணக்கும் இதற்குள் நுழைகிறது, தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். 2022 ஜனவரி முதல், உதவியாளர் தந்த சிகிச்சைக்கு மெடிகேர் பார்ட் பி வழக்கமான தொகையில் 85 சதவீதம்தான் தருகிறது. ஒரு சேவையில் பத்து சதவீதத்துக்கு மேல் உதவியாளர் கை பட்டால், பில்லில் சி.ஓ. என்ற குறி போட வேண்டும். அந்தக் குறியைத் தவிர்ப்பதற்காக யாரை யாரிடம் அனுப்புவது என்று கணக்குப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு தெரபிஸ்ட் அந்தக் கணக்கில் சேரக் கூடாது. நோயாளிக்கு எந்தக் கை வேண்டும் என்பதைப் பார்த்துத்தான் நான் பிரித்துக் கொடுக்கிறேன். இன்னொரு மாற்றம் 2025இல் வந்தது. தனியார் கிளினிக்குகளில் உதவியாளர் வேலை செய்யும் நேரம் முழுவதும் தெரபிஸ்ட் அந்த வளாகத்திலேயே இருக்க வேண்டும் என்ற மெடிகேர் விதியைத் தளர்த்தி, தொலைபேசியில் கிடைத்தால் போதும் என்றார்கள். மாநில விதி கூடுதலாகக் கேட்டால் அதுதான் செல்லும். ஆள் கிடைக்காத சிற்றூர்களுக்கு இந்தத் தளர்வு உதவி, மறுக்கவில்லை. ஆனால் போனில் கேள்விக்குப் பதில் சொல்லலாம், இறங்கிப்போன தோள்மூட்டைத் தொட்டுப் பார்க்க முடியாது. சட்டம் எதை விட்டுக்கொடுத்தாலும் நேரில் போகும் வழக்கத்தை நான் குறைப்பதில்லை. என் கோட்டாக்களின் ஒவ்வொரு நோயாளியையும் வாரம் ஒருமுறையாவது அவர்கள் கூடவே நின்று பார்க்கிறேன். நோட்டில் தேதியும் என்ன பேசினோம் என்பதும் இருக்கும்.

ஊரிலும் இப்போது நிலைமை மாறுகிறது. தேசிய துணை மருத்துவ, சுகாதாரத் தொழில்கள் ஆணையச் சட்டம் 2021இல் வந்தது. ஆக்குபேஷனல் தெரபி அதன் அட்டவணையில் தனிப் பிரிவு. குறைந்தது 3,600 மணி நேரப் பட்டப்படிப்பு முடித்தவர் சுகாதாரத் தொழில்முறையாளர், குறைந்தது 2,000 மணி நேரம் படித்தவர் துணை நிலைத் தொழில்முறையாளர் என்று அந்தச் சட்டம் இரண்டு படி வைத்திருக்கிறது. மாநில கவுன்சில்களில் உட்காரப்போகிறவர்களில் என்னோடு படித்தவர்களும் எனக்குப் பின் வந்தவர்களும் இருக்கலாம். அவர்களிடம் ஒரு வேண்டுகோள். நம் தொழிலில் உதவியாளர் நிலை என்று ஒன்றை நாளை நீங்கள் எழுதினால், ‘தெரபிஸ்டின் மேற்பார்வையில்’ என்ற ஒற்றை வரியோடு விட்டுவிடாதீர்கள். முதல் இவால்யுவேஷனும் டிஸ்சார்ஜும் யார் செய்ய வேண்டும், பிளானை யார் மாற்றலாம், ஒரு தெரபிஸ்டின் கீழ் எத்தனை பேர், மாதத்தில் எத்தனை மணி நேரம் நோயாளியின் பக்கத்தில் இருவரும் சேர்ந்து நிற்க வேண்டும், அது எந்த ஏட்டில் பதிவாக வேண்டும், பழகாத வேலையை மறுக்கும் உரிமை உதவியாளருக்கு உண்டா என்பதையெல்லாம் எண்ணோடு எழுதுங்கள். கூடவே, நோயாளியோடு வந்து தரையில் பாய் விரித்துப் படுக்கும் அந்த அம்மாவுக்கும் மனைவிக்கும் யார் எவ்வளவு நேரம் சொல்லிக்கொடுப்பது என்பதையும் அதில் சேருங்கள். இங்குள்ள விதிகளில் அந்தப் பகுதி போதவில்லை. வேலூரில் அதை நாம் நன்றாகவே செய்தோம்.